யாரும் விசாரிக்காதவர்களை விசாரித்தவருக்கு

அன்புள்ள கிறிஸ் லாம்பர்ட் அவர்களுக்கு,

குற்றக் கதை பாட்காஸ்ட் என்றாலே எனக்கு ஆகாது. செத்தவரை நடுக்கூடத்தில் கிடத்திவிட்டு இரண்டு பேர் சிரித்துப் பேசுவார்கள். இடையில் மெத்தை விளம்பரம் வேறு. உங்கள் 'யுவர் ஓன் பேக்யார்டு' தொடரையும் அந்த எரிச்சலோடுதான் கேட்க ஆரம்பித்தேன்.

1996 மே மாதம், கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், கால் பாலி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்த கிறிஸ்டின் ஸ்மார்ட் ஒரு விருந்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். வயது 19. கடைசியாக உடன் நடந்தவர் சக மாணவர் பால் ஃபுளோரஸ். அவர் கண் கன்றியிருந்தது. அதற்குச் சொன்ன காரணமோ பின்னர் மாறியது. விடுமுறைக்கு எங்காவது போயிருப்பாள் என்று வளாகப் போலீஸ் நாளைக் கடத்தியது. பிண வாடை அறியும் மோப்ப நாய்கள் வருவதற்குள் பாலின் அறையைக் காலி செய்தாயிற்று. அப்படியும் அவை அவருடைய கட்டிலருகே போய் நின்றன. இத்தனை இருந்தும் 25 ஆண்டுகள் கைது இல்லை.

2019இல் நீங்கள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தீர்கள். நீங்கள் நிருபரும் அல்ல, துப்பறிவாளரும் அல்ல, இசைக்கலைஞர். சாலையோரப் பலகையில் கிறிஸ்டினின் முகத்தைப் பார்த்துப் பழகியவர், அவ்வளவுதான்.

ஃபுளோரஸின் தாயாருடைய வீட்டில் குடியிருந்த பெண் சொன்னதைக் கேட்டபோது தொடரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். விடியற்காலை 4.20க்கு எங்கிருந்தோ ஒரு கைக்கடிகாரத்தின் அலாரம் ஒலிக்குமாம். நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த கிறிஸ்டின் கண்விழிக்க வைத்திருந்த நேரமும் அதுதான். அதே பெண் வாசலில் கிடந்த ஒற்றைக் காதணியை எடுத்துப் போலீசிடம் கொடுத்தார். அதைத் தொலைத்துவிட்டார்கள்! சாட்சி இல்லாமல் இந்த வழக்கு உறங்கவில்லை. சொன்னவர்களின் பேச்சைக் குறித்துவைக்க ஆள் இல்லாமல் உறங்கியது.

2021 ஏப்ரலில் கைது நடந்தபோது, உங்கள் தொடரால் புதிய சாட்சிகள் வந்ததை ஷெரீஃபே ஒப்புக்கொண்டார். 2022 அக்டோபரில் பால் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மறுஆண்டு தண்டனை: 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. உடலை மறைக்க உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தந்தை விடுதலையானார்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். ஊரெங்கும் இதே பேச்சாக இருந்ததால் விசாரணையையே சலினாஸ் நகருக்கு மாற்ற வேண்டியிருந்தது. தீர்ப்புக்கு முன்பே பெயர் சொல்லி ஒருவரைச் சுட்டும்போது, அவர் நிரபராதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? உங்கள் நிதானம் எனக்கு நம்பிக்கை தந்தது. உங்களைப் பார்த்துத் தொடங்கும் எல்லோருக்கும் அந்த நிதானம் இருக்காது.

2023இல் பல்கலைக்கழகத் தலைவர் குடும்பத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2024இல் குடும்பம் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. முதல் சில நாட்களில் வளாகப் போலீஸ் அலுவலகத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பகுதி செய்யுங்கள். எத்தனை மணி நேரம் நீண்டாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்