720720-ஐக் கரும்பலகையில் எழுதுங்கள்

மலையகப் பாடசாலைகளின் கணித ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொ.ம.சி (பொது மடங்குகளுள் சிறியது) பாடம் வரும்போது பயிற்சிக் கணக்குகளை ஒரு நாள் ஒதுக்கிவைத்து, 720720 என்ற எண்ணை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

1 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத மிகச் சிறிய எண் அது. நான் அதைச் சொல்லவில்லை. வகுத்துப் பாருங்கள் என்றேன், அவ்வளவுதான். 7, 11, 13 மூன்றுக்குமே மீதியில்லாமல் போனபோது பிள்ளைகள் நம்பாமல் திரும்பத் திரும்ப வகுத்தார்கள். தரம் 7 படிக்கும் ஒருத்திதான், "720ஐ ரெண்டு தடவ எழுதியிருக்கே அக்கா" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். 720720 என்பது 720 × 1001. அந்த 1001 என்பது 7 × 11 × 13. அப்புறம் ஆளுக்கொரு மூன்று இலக்க எண்ணை இரண்டு தடவை எழுதி வகுக்கத் தொடங்கிவிட்டார்கள். 456456-ஐ 7, 11, 13 என்று வரிசையாக வகுத்தவனுக்குக் கடைசியில் 456 திரும்பக் கிடைத்தது. அன்று அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் படித்த காலத்தில் பொ.ம.சி என்றால் ஏணிபோல வகுத்து, ஓரத்து எண்களைப் பெருக்குவதுதான். ஏன் பெருக்குகிறோம் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த எண்ணில் அது தானாகவே தெரிகிறது. 13 வரைக்கும் 360360 போதும். 14க்கு வேண்டிய 2உம் 7உம், 15க்கு வேண்டிய 3உம் 5உம் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன. 16க்குத்தான் இன்னொரு 2 தேவை. அதனால் எண் இரட்டிக்கிறது.

முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. சுட்டிகள் ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 240 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார். கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் இதே காரணிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. 720722 முதல் 720736 வரையுள்ள 15 எண்களில் ஒன்றுகூட முதன்மை எண் இல்லை. வகுத்துப் பார்க்கவே தேவையில்லை. 720720ஐ 3 வகுக்கும், ஆகவே 720723ஐயும் 3 வகுக்கும். 16 வரை அப்படியே. தரம் 7 பிள்ளைக்கு இது ஒரு முழு நிறுவல்.

இதற்குக் கணினி அறை வேண்டாம், வெண்கட்டி போதும். மாதிரி வினாத்தாள் செய்யும் நேரத்தில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள்.

வருகிற வாரம் 17ஐச் சேர்க்கிறோம். எண் 12252240 ஆகிவிடும். அதே எண்ணை 18உம் வகுப்பது ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்கப்போகிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தோட்டத்துப் பின்னேர வகுப்பு அக்கா