அண்ணன் பாஸ்டன் வருகிறான்

அன்பு மகளுக்கு,

போனில் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தாலே பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் கடிதம். இங்கே மழை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

கோடையில் குயின்சியில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் வீட்டின் போட்டோ அனுப்பினாயே, அதிலிருந்து அவருடைய கடிதங்களைத்தான் படிக்கிறேன். அரசியல் சண்டையில் அவருக்கும், அவருக்கு அடுத்து ஜனாதிபதியான ஜெபர்சனுக்கும் பத்து வருஷத்துக்கு மேல் கடிதப் போக்குவரத்தே இல்லை. இருவருக்கும் வேண்டிய டாக்டர் பெஞ்சமின் ரஷ்தான் விடாமல் எழுதி எழுதிக் கரைத்தார். 1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் முதலில் எழுதினார். ஆமாம், மூத்தவர்தான். நீ அதைத்தான் பிடித்துக்கொள்வாய், தெரியும்.

ஆனால் இளையவர் செய்ததைக் கேள். வீட்டில் நெய்த சரக்கு இரண்டு அனுப்புவதாக ஆடம்ஸ் எழுதியிருந்தார். அது அவர் மகனின் சொற்பொழிவுப் புத்தகம், இரண்டு பாகம். ஜெபர்சனோ நிஜத் துணி என்று நினைத்து, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நெய்வதைப் பற்றி விளக்கமாகப் பதில் போட்டுவிட்டார். பார்சல் வரும்வரை பொறுக்கவில்லை. கௌரவம் பார்க்கவில்லை.

1825-ல் ஜெபர்சனின் பேத்தி எல்லன் கல்யாணமாகி பாஸ்டன் போனாள், உன்னைப் போல. அவளுடைய எழுதுமேசை கடலில் போய்விட்டது. சுதந்திரப் பிரகடனம் எழுதிய தன் சின்ன மேசையை ஜெபர்சன் அவள் கணவருக்குக் கொடுத்தார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு மனதில் நிற்பது, தொலைந்த மேசையைச் செய்த ஜான் ஹெம்மிங்ஸ். ஜெபர்சன் வீட்டில் அடிமையாக இருந்த தச்சர். சேதி கேட்டு இடிந்துபோனாராம். இன்னொன்று செய்யக் கண் பார்வை இல்லை.

பாட்டியின் வெற்றிலைச் செல்லம் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

1826 மார்ச்சில் ஜெபர்சனின் பேரன் பாஸ்டன் புறப்பட்டபோது, உங்களைப் பார்க்காமல் வந்தால் எதையுமே பார்க்காத மாதிரி நினைப்பான் என்று ஆடம்ஸுக்கு எழுதி அனுப்பினார். ஆடம்ஸுக்கு அப்போது 90 வயது. எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜனவரியில் அண்ணன் ஆபீஸ் வேலையாக பாஸ்டன் வருகிறான். அவன் உன்னிடம் சொல்லமாட்டான். ஹோட்டலில் தங்குவானாம். சொந்தத் தங்கை இருக்கும் ஊரில் ஹோட்டல்! நீ இந்த வயதில் வீடு வாங்கியதை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நீயே கூப்பிடு. இளையவள் கூப்பிட்டால் குறைந்துவிடாது. பெட்டியில் என்ன எடுத்து வைத்தான் என்று நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாளாம்.

அப்புறம், அவனிடம் அந்த ஊர்க் குளிருக்கு ஏற்ற கோட்டு இல்லை. மாப்பிள்ளையின் பழையது அளவு சரியாக இருக்கும்.

அப்பா