காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

சென்ற வாரம் பள்ளி விட்ட நேரம். மேட்டூர்த் தண்ணீர் கரை தொட்டு ஓடும் வாய்க்காலில் ஒரு பந்து மிதந்து போனது. அதைப் பார்த்த மாத்திரத்தில் நம் மாணவன் ஒருவன் புத்தகப் பையோடு மதகிலிருந்து குதித்துவிட்டான். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் இழுத்துக் கரையேற்றினார். ஈரச் சட்டையோடு என் அறையில் நின்றவனிடம் ஏன் குதித்தாய் என்று கேட்டேன். "குதித்த பிறகுதான் சார் தெரிந்தது" என்றான்.

அன்றிரவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளி, கூசும் சொற்களோடு. மறுநாள், அவனுக்கு டி.சி. கொடுக்கச் சொல்லி ஒரு மனு. பக்கத்தில் உட்காரும் உங்கள் பிள்ளையைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ஆனால் டி.சி. கொடுக்க மாட்டேன். காணொளியை இன்றே அழித்துவிடுங்கள். அவனுக்கு என்ன என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். நானும் அல்ல, நீங்களும் அல்ல.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். யோசிப்பதற்குள் கை முந்திவிடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். சிலருக்கு அது வெறும் வயதுத் துடிப்பு. சிலருக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக் கோளாறு. மூளை வளர்ச்சி சார்ந்தது, பரம்பரையின் பங்கு பெரிது, வளர்ப்பின் குற்றமன்று. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை, விடுமுறைதானே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"இரண்டு போடுங்கள் சார், அடங்கிவிடுவான்" என்று சொன்னவர்களுக்கு: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடிக்க மாட்டேன். அடி பயத்தைத்தான் கொடுக்கும், நிதானத்தைக் கொடுக்காது. இப்போது அவன் முதல் வரிசையில் உட்காருகிறான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். வருகைப் பதிவேட்டை என் அறைக்குக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. ஒரு நாளும் தவறவில்லை.

விடுமுறையில் எந்தப் பிள்ளையையும் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் தனியே அனுப்பாதீர்கள்.

மனுவில் கையெழுத்திட்டவர்களில் மூவர் என்னை நேரில் வந்து பார்த்து, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அவனைக் கரையேற்றியவருக்கும் நன்றி. மறுநாள் காலை, அடுத்த மதகில் சிக்கிக் கிடந்த அவனுடைய ஒற்றைச் செருப்பையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்