மரியோ போட்டியில அந்த பாயிண்ட் விதியை எடுங்கப்பா (நம்ம ஊர் மன்றத்து தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்)

தம்பிகளா, வணக்கம்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், படகு எல்லாம் கரையில கெடக்கு, வலை பொத்துற வேலை முடிஞ்சா சாயங்காலம் ஆளுக சும்மாதான் உக்காந்திருக்காங்க, அந்த நேரத்துல கேரம், கபடியோட சேத்து பழைய டிவி கேம்ல மரியோ போட்டியும் வைக்கிறீங்கன்னு டீக்கடை செவுத்துல நோட்டீஸ் பாத்தேன். ரொம்ப சந்தோசம், மண்டபம் பக்கம் இப்படி யாரும் யோசிச்ச மாதிரி தெரியல. ஆனா அதுல மூணாவது வரியில "ஒருத்தருக்கு 10 நிமிசம், அதிக பாயிண்ட் எடுப்பவருக்கு கோப்பை"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. சூப்பர் மரியோ பிரதர்ஸ்ங்குறது மரியோங்குற ஆளை ஓட வச்சு, தாவ வச்சு ஒவ்வொரு ஸ்டேஜா தாண்டுற கேம், அதுல இருக்குறதுலயே ஒண்ணுக்கும் உதவாத சங்கதி அந்த பாயிண்ட்தான். கேமோட நல்லதை எல்லாம் விட்டுட்டு அதை போயி அளக்கப் போறீங்க.

எப்படின்னு சொல்றேன். அந்த கேம்ல பாயிண்ட் எவ்ளோ ஏறுனாலும் ஒரு லைஃப்கூட (செத்தா திரும்ப ஆடுற வாய்ப்பு) கிடைக்காது, 100 காயின் சேத்தா லைஃப் உண்டு. கதவும் தொறக்காது, பவரும் வராது. சும்மா மேல ஒரு மூலையில ஓடிட்டு இருக்கும், டாப் ஸ்கோர்னு முதல் ஸ்கிரீன்ல ஒண்ணு காட்டும், கரண்ட் போனா அதுவும் போச்சு. அதை விட கூத்து, ஸ்டேஜ் முடிவுல இருக்குற கொடிக்கம்பத்தை தொடும்போது டைமோட கடைசி நம்பர் 1, 3, 6 இதுல ஒண்ணா இருந்தா அத்தனை வாணவேடிக்கை வெடிக்கும், ஒவ்வொண்ணுக்கும் 500. அதாவது 6ல தொட்டவனுக்கு 3000 சும்மா வந்துரும், 5ல தொட்டவனுக்கு ஒண்ணும் கிடையாது, இதை கேம் எந்த எடத்துலயும் சொல்லாது. வெவரம் தெரிஞ்ச பய என்ன செய்வான்? முன்னாடி போகவே மாட்டான். இருக்குற செங்கல், காயின் எல்லாத்தையும் அடிச்சிட்டு வேணும்னே குழியில விழுவான், செத்து வந்தா எல்லாம் பழையபடி முளைச்சு நிக்கும், திரும்ப அடிப்பான். 10 நிமிசம் அதை உக்காந்து பாக்கணும் ஊர்சனம். கேரம் ஆடப் போயிருவாங்க எல்லாரும்.

சரி, அப்ப எதை அளக்கணும்? ஓட்டத்தையும் தாவலையும்தான். 1985 செப்டம்பர்ல ஜப்பான்ல வந்த கேம் இது, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் டிசைன் பண்ணது, மொத்த கேமும் 40 கேபி, இன்னைக்கு போன்ல எடுக்குற ஒரு போட்டோகூட அதுக்குள்ள அடங்காது. எடம் பத்தாம மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டிருக்காங்க, மேல வெள்ளை, கீழ பச்சை, அவ்ளோதான். அந்த சிக்கனத்துலயும் மரியோ ஓடுற ஓட்டத்துல மட்டும் கை வைக்கல. பி பட்டனை அமுக்கிட்டு ஓடிப் பாருங்க, விட்டதும் டக்குனு நிக்க மாட்டான், எஞ்சினை ஆஃப் பண்ணதுக்கப்புறமும் வள்ளம் கொஞ்ச தூரம் ஓடித்தான நிக்கும், அந்த மாதிரி சறுக்கிட்டு போயி நிப்பான். ஏ பட்டனை எவ்ளோ நேரம் அமுக்குறமோ அவ்ளோ உசரம். ஓடி வந்து தாவுனா தூரம் அதிகம், காத்துல இருக்கும்போதே கொஞ்சம் திருப்பவும் செய்யலாம். புதுசா ஆடுறவன் எல்லாரும் கையில புடிச்சிருக்குற பட்டன் பேடோட சேத்து உடம்பையும் தூக்குவான் பாத்திருக்கீங்களா, அது இந்த கேம் பண்ற வேலைதான்.

முதல் ஸ்டேஜை மட்டும் தனியா சொல்லணும், 1-1, அதாவது வேர்ல்டு 1, ஸ்டேஜ் 1. யாரும் எதுவும் சொல்லித் தர மாட்டாங்க, எழுத்தும் வராது. மரியோ எடது பக்கம் நிப்பான், வலது பக்கம் பூரா காலியா இருக்கும், சின்னப்புள்ளையும் வலதுக்குத்தான் போகும். கொஞ்சம் போனதும் ஒரு காளான் பய மொறைச்சிட்டு வருவான், தாவுனா தப்பிச்ச, இல்லன்னா செத்த, செத்தாலும் போன தூரம் நாலு அடிதான், கோவம் வராது. அடுத்து கேள்விக்குறி பெட்டியை முட்டுனா நல்ல காளான் வெளிய வந்து வலது பக்கம் ஓடும், பைப்புல மோதி திரும்பி நம்மகிட்டயே வரும், அதையும் எதிரின்னு நெனச்சு பயந்து தாவுனாலும் மேல செங்கல் இருக்கறதால தலை இடிச்சு அது மேலயே விழுவோம், மரியோ பெருசாயிருவான். இது நல்லதுன்னு அந்த நொடியில புரிஞ்சிரும். எங்க சின்னம்மா ஒருத்தவங்க, மீன் காயப்போட்டுட்டு வந்து உக்காந்தவங்க, டிவி கேமை தொட்டதே இல்ல, ஒரு வார்த்தை நான் சொல்லல, அந்த பைப் வரைக்கும் அவங்களாவே வந்துட்டாங்க. ஆனா ரெண்டாவது பைப்ப தாண்ட முடியாம பேடை என் மேல தூக்கி எறிஞ்சது வேற விசயம்.

குறையும் நெறைய இருக்கு, மறைக்க வேணாம். 8 வேர்ல்டு, 32 ஸ்டேஜுன்னு சொன்னாலும் பாதிக்கு மேல போனா சரக்கு தீந்துருச்சுன்னு தெரிஞ்சிரும், 5-3ங்குறது 1-3தான், 7-2ங்குறது 2-2தான், 6-4ங்குறது 1-4தான், எதிரிகளை கூட்டி இன்னும் கஷ்டமாக்கி விட்டிருப்பாங்க. கோட்டையில நிக்குற வில்லன் பவுசரும் அதே கதை, 8 தடவையும் அதே பாலம், அதே கோடாலி, பின்னாடி வர்ற கோட்டைகள்ல சுத்தியல் எறிவான், அவ்ளோதான் மாத்தம். 4-4லயும் 7-4லயும் வழி மாறிப் போனா அதே எடம் சுத்திச் சுத்தி வரும், எது சரியான வழின்னு ஒரு துப்பும் கிடையாது, டைம் மட்டும் ஓடிட்டே இருக்கும். என்னைக் கேட்டா அது கஷ்டமே இல்ல, வம்பு. அப்புறம் ஸ்கிரீன் பின்னாடி நகராது, ஒரு அடி தாண்டி வந்துட்டா விட்ட காளான் விட்டதுதான். சேவ் பண்ண முடியாது. வேர்ல்டு 8லயும் கோட்டைகள்லயும் நடுவுல செத்தா ஸ்டேஜோட முதல்ல இருந்துதான். ரெண்டு பேரு ஆடலாம்னு போட்டிருக்கும், ஆனா ஒருத்தன் சாகுற வரைக்கும் இன்னொருத்தன் வேடிக்கைதான் பாக்கணும்.

குறுக்குவழி பைப்புகளையும் நான் குறையிலதான் சேப்பேன், உங்கள்ல பாதி பேரு சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். 1-2ல கூரை மேல ஏறி நடந்தா நேரா வேர்ல்டு 4, அங்க 4-2ல மறைஞ்சிருக்குற செடிக்கொடியில ஏறுனா நேரா 8. இப்படி போனா 32ல வெறும் 8 ஸ்டேஜ் ஆடி கேமை முடிச்சிரலாம். கண்டுபிடிக்கும்போது கிடைக்கிற குஷி பெருசுதான், இல்லங்கல, ஆனா போட்டின்னு வரும்போது அது தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவுல ஆட்டமே இல்ல. சின்ன வயசுல துபாய்க்காரர் வீட்டுல டிவி கேம் இருந்தவனுக்கு தெரியும், ஜன்னல்ல நின்னு பாத்தவனுக்கு எப்படிடா தெரியும்?

அதனால நான் கேக்குறது இதுதான். பாயிண்ட் வேணாம். குறுக்குவழி வேணாம். கேம் குடுக்குற 3 லைஃப், அதுக்கு மேல ஆட்டத்துல சம்பாதிச்சது, அதை வச்சு யாரு எந்த ஸ்டேஜ் வரைக்கும் போறாங்களோ அவங்களுக்கு கோப்பை. 3-1 படிக்கட்டுல ஆமை ஓட்டு மேல குதிச்சுக்கிட்டே லைஃப் சேக்குற வேலையும் கூடாது, எப்படியும் 127ஐ தாண்டி சேத்தா அடுத்த சாவுலயே கேம் ஓவர்தான், பேராசைக்காரனுக்கு கேமே வச்ச ஆப்பு அது. சமமா வந்தா மட்டும் டைமை பாருங்க. பொம்பளைங்களுக்கும் சின்னப்புள்ளைகளுக்கும் தனியா 1-1 மட்டும் வைங்க, யாரு முதல்ல கொடியை தொடுறாங்கன்னு, கூட்டம் அங்கதான் நிக்கும் பாருங்க.

இன்னும் ரெண்டு சங்கதி. புது எல்இடி டிவியில மாட்டாதீங்க, பட்டன் அமுக்குனதுக்கும் மரியோ தாவுறதுக்கும் நடுவுல கொஞ்சம் லேட் ஆகும், அந்த கொஞ்சத்துலதான் குழியில விழுவான், எங்க வீட்டு பரண்ல பழைய டியூப் டிவி ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரு வந்தா தூக்கிட்டு போகலாம், செம கனம். அதே மாதிரி டர்போ பட்டன் (அமுக்குனா தானா விட்டு விட்டு தட்டுற பட்டன்) உள்ள பேடுல டர்போ பக்கம் டேப் ஒட்டிருங்க, அதை தெரியாம அமுக்கிட்டு மரியோ உசரமா தாவலன்னு ஒருத்தன் பஞ்சாயத்து வைப்பான். கேசட் ஓடலன்னா ஊதாதீங்கப்பா, எச்சி ஈரம் பட்டா பின்னு கருத்துப் போயிரும், நம்ம உப்புக்காத்துக்கு சொல்லவே வேணாம், பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு தொடைச்சா போதும். பந்தலை கடற்கரையில போடாம மன்றத்துக்குள்ளயே வைங்க, கச்சான் காத்துல துணி நிக்காது.

நோட்டீஸை மாத்தி ஒட்டுனீங்கன்னா என் பேரையும் எழுதிக்கங்க. பாயிண்ட்தான்னா டிவியை மட்டும் தர்றேன், நான் வரல.