வான் நிஸ்டல்ரோயை இப்போது மாற்றாதீர்கள்: லெஸ்டர் சிட்டி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மார்ச் 20, 2025

மதிப்பிற்குரிய தலைவர் ஐயவத் ஸ்ரீவத்தனபிரபா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் நம் மைதானத்துக்கு வந்து மூன்று கோல் அடித்துவிட்டுப் போனதிலிருந்து, ரசிகர்களிடம் ஒரே பேச்சுதான்: மேனேஜரை மாற்று. பிரீமியர் லீகில் 29 ஆட்டங்களில் 17 புள்ளி, பட்டியலில் 19ஆவது இடம். கீழ் லீகுக்குத் தரமிறங்காமல் தப்பும் கடைசி இடம் 17ஆவது; அங்கே நிற்கும் வுல்வ்ஸிடம் 26 புள்ளி இருக்கிறது. மிச்சம் இருப்பது 9 ஆட்டம், எட்டிப் பிடிக்க வேண்டியதும் 9 புள்ளி. நம் கிங் பவர் மைதானத்தில் நாம் கடைசியாக லீக் கோல் போட்டது டிசம்பர் 8ஆம் தேதி. அதற்கப்புறம் அங்கே ஆடிய 7 லீக் ஆட்டங்களிலும் தோல்வி. வாங்கியது 18 கோல், போட்டது ஒன்றுகூட இல்லை.

இதைப் பார்க்கிற எந்த ரசிகருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிகிறது. ஆனாலும், மேனேஜர் ருட் வான் நிஸ்டல்ரோயை இந்த சீசன் முடியும்வரை மாற்ற வேண்டாம் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் நன்றாகச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பொறுப்பில் 16 லீக் ஆட்டங்கள். இரண்டு வெற்றி, ஒரு டிரா, 13 தோல்வி, ஆக 7 புள்ளி. அவருக்கு முன்பிருந்த ஸ்டீவ் கூப்பர் 12 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்திருந்தார். நவம்பர் 24ஆம் தேதி கூப்பரை நீங்கள் அனுப்பியபோது அணி 16ஆவது இடத்தில், தரமிறக்கக் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. மூன்று வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தவரை 12 லீக் ஆட்டத்தில் அனுப்பிவிட்டீர்கள். அவருடைய ஆட்டம் கண்ணுக்கு அழகாக இல்லை, உண்மைதான். ஆனால் புள்ளிப் பட்டியலில் அவர் தோற்றுவிடவில்லை.

பதிலுக்கு வந்தவர் யார்? யுனைடெட்டின் தற்காலிக மேனேஜராக நான்கே ஆட்டம் இருந்தவர். அந்த நான்கில் இரண்டு நமக்கு எதிரானவை. கோப்பை ஆட்டத்தில் 5-2, லீகில் 3-0. அதற்கு முன் நெதர்லாந்தின் பிஎஸ்வியில் ஒரு சீசன், அதுவும் பட்டத்துக்காகப் போராடும் அணி. தரமிறக்கத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு அணியைக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இல்லை. இதை நவம்பரிலேயே பார்த்திருக்கலாம். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 3-1 என்று ஜெயித்ததும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

சரி, ஆள் தேர்வு தவறு என்றால் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பார்கள். இங்கேதான் 2023ஐ நீங்கள் மறுபடியும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 2ஆம் தேதி அப்போதைய மேனேஜர் பிரெண்டன் ரோஜர்ஸை அனுப்பினீர்கள். 10 ஆட்டம் மிச்சம் இருந்தது. அவருக்குப் பதிலாக யார் என்பதை முடிவு செய்து வைக்கவில்லை. அடுத்த இரண்டு ஆட்டமும் நம் மைதானத்தில்தான், ஒன்று ஆஸ்டன் வில்லாவோடு, இன்னொன்று நம்மைப் போலவே கீழே தவித்துக்கொண்டிருந்த போர்ன்மத்தோடு. உதவிப் பயிற்சியாளர்கள் பொறுப்பில் ஆடி இரண்டையும் தோற்றோம். அதற்குப் பிறகுதான் டீன் ஸ்மித் வந்தார். அவருடைய 8 ஆட்டங்களில் 9 புள்ளி. மோசமில்லை. ஆனால் கடைசி நாளில் நம்மிடம் 34, எவர்டனிடம் 36. அவர்கள் தப்பினார்கள், நாம் தரமிறங்கினோம்.

மே 1ஆம் தேதி அந்த எவர்டனோடு நம் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை எந்த லெஸ்டர் ரசிகரும் மறக்கமாட்டார். 2-1 என்று முன்னிலை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நமக்கு ஒரு பெனால்டி. ஜேம்ஸ் மேடிசன் அடிக்க வந்தார். எவர்டன் கீப்பர் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் நம் வீரர்கள் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்ற குறிப்பு ஒட்டியிருந்தது. மேடிசன் என்றால் நடுவிலேயே நில் என்று. மேடிசன் நடுவில்தான் அடித்தார், பிக்ஃபோர்ட் நின்ற இடத்திலேயே தடுத்தார். ஆட்டம் 2-2. அந்தப் பந்து உள்ளே போய் நாம் ஜெயித்திருந்தால் நமக்கு 36, எவர்டனுக்கு 35. அவ்வளவு நெருக்கத்தில் போனது.

அந்தப் பெனால்டியை எந்த மேனேஜராலும் மாற்றியிருக்க முடியாது. ஆனால் தலைமை இல்லாமல் போன அந்த இரண்டு ஆட்டம் நீங்கள் தேதி குறித்துக் கொடுத்த சேதம். இப்போதும் அதையே செய்யப் போகிறீர்களா?

மேனேஜரை மாற்றினால் பலனே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2017 பிப்ரவரியில், லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த ரனியேரியை அனுப்பியபோது உலகமே உங்களைத் திட்டியது. கிரெய்க் ஷேக்ஸ்பியர் வந்து முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் ஜெயித்தார். 2023இல் எவர்டன் லாம்பார்டை அனுப்பிவிட்டு ஷான் டைச்சைக் கொண்டுவந்து தப்பித்தது. இந்த சீசனிலேயே வுல்வ்ஸ் டிசம்பர் நடுவில் கேரி ஓ'நீலை அனுப்பியபோது 16 ஆட்டத்தில் 9 புள்ளியோடு நம்மைவிடக் கீழே கிடந்தது. வீட்டோர் பெரேரா வந்த பிறகு 13 ஆட்டத்தில் 17 புள்ளி.

இவர்கள் எல்லோருக்கும் கையில் ஆட்டம் இருந்தது. ஷேக்ஸ்பியருக்கு 13, டைச்சுக்கு 18, பெரேராவுக்கு 22. அதோடு, ஷேக்ஸ்பியர் கையில் இருந்தது முந்தைய வருடம் சாம்பியன் ஆன, பெரும்பாலும் அதே அணி, அவரும் அந்த வீரர்களோடு தினமும் பயிற்சி மைதானத்தில் நின்றவர். பெரேராவுக்கு ஜனவரியில் அக்பாடூ போன்ற ஒரு தடுப்பு வீரரை வாங்கிக் கொடுத்தார்கள், பின்வரிசையே நிமிர்ந்தது. நேரம் கடந்த பிறகு மாற்றியவர்களையும் பாருங்கள். 2023 மே மாதம் லீட்ஸ், நான்கே ஆட்டம் மிச்சம் இருக்கும்போது சாம் அலர்டைஸைக் கூட்டிவந்தது. கிடைத்தது ஒரு புள்ளி, கீழே போனார்கள்.

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீகை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். சரிவில் இருந்து மேனேஜரை மாற்றிய கிளப்புகளையும், அதே மாதிரி சரிவில் இருந்தும் மாற்றாத கிளப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாற்றியவர்கள் அதனால் கூடுதலாக மீளவில்லை. நாம் "புது மேனேஜர் வந்தார், ஜெயித்தோம்" என்று கொண்டாடுவதில் பாதி, எப்படியும் வந்திருக்கக்கூடிய வெற்றிதான்.

இப்போது நமக்கு இருப்பது 9 ஆட்டம். ஏப்ரல் 2ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில். அப்புறம் நியூகாசில், பிரைட்டன், லிவர்பூல். இந்த இடைவெளியில் பல வீரர்கள் தங்கள் நாட்டு அணிகளுக்குப் போயிருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முழு அணியும் ஒன்றாகக் கிடைப்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் சிட்டியை எதிர்கொள்ள என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்?

அவர் கையில் கிடைக்கப் போகும் அணியையும் பாருங்கள். ஜனவரி முழுக்க வீரர்களை வாங்கும் கடை திறந்திருந்தும், நாம் வாங்கியது பார்மாவிலிருந்து வோயோ கூலிபாலி ஒருவரைத்தான். முன்கள வீரர் ஃபத்தாவு நவம்பரிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முழுக்க வெளியே. முன்வரிசையில் 38 வயது ஜேமி வார்டி ஓடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை சொல்லி மாளாது. ஆனால் 38 வயதில் ஒருவர் ஓடித்தான் அணி கோல் போட வேண்டும் என்றால், அந்தக் கேள்வி மேனேஜரிடம் கேட்க வேண்டியது இல்லை.

2023 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஸ்மித், மரெஸ்கா, கூப்பர், வான் நிஸ்டல்ரோய் என நான்கு பேர். மரெஸ்கா, கீப்பரிலிருந்தே பந்தைச் சிறு சிறு பாஸாகக் கொண்டுபோகும் ஆட்டத்தைப் பழக்கி, 97 புள்ளியோடு இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பை வென்று கொடுத்தார். அவர் செல்சீ போனதும், அதற்கு நேர் எதிரான ஆட்டம் ஆடுபவரைக் கொண்டுவந்தீர்கள். டீலமன்ஸ், சோயுஞ்சு போன்ற வீரர்கள் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காமல் போனார்கள். இத்தனை மேனேஜர்கள் வந்து போன காலம் முழுக்க மாறாமல் இருப்பவர் கால்பந்து இயக்குநர் ஜான் ரட்கின். 2014 கடைசியிலிருந்து அந்தப் பொறுப்பில் இருக்கிறார். பட்டமும் 2021 எஃப்ஏ கோப்பையும் அவர் காலத்தில் வந்தவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் காந்தேயையும் மாரெஸையும் கண்டுபிடித்த ஸ்டீவ் வால்ஷ் 2016இலேயே போய்விட்டார். இன்று அந்த வேலையை யார், எந்தக் கணக்கில் செய்கிறார்கள் என்று ரசிகர்களுக்குத் தெரியவில்லை. மைதானத்தில் எழும் கோஷம் மேனேஜரைவிட அதிகமாக அவரை நோக்கியே போகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

ஐயா, உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் தந்தை விச்சாய் அவர்களை 2018 அக்டோபரில் இதே மைதானத்துக்கு வெளியே பறிகொடுத்த பிறகும் இந்தக் கிளப்பைக் கைவிடாதவர் நீங்கள். 2023இல் 194 மில்லியன் பவுண்டு கடனைப் பங்காக மாற்றிக் கிளப்பின் தலையிலிருந்து இறக்கினீர்கள். அப்படிப்பட்டவரிடம் கேட்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

உங்கள் தந்தை காலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2015இல் இதே நேரத்தில், இதேபோல 29 ஆட்டம் முடிந்திருந்தபோது நம்மிடம் 19 புள்ளி. கடைசி இடம், பாதுகாப்புக்கு ஏழு புள்ளி தூரம். அந்த பிப்ரவரியில் மேனேஜர் நைஜல் பியர்சன் நீக்கப்பட்டார் என்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி பரவியது; கிளப் மறுத்தது, அவர் தொடர்ந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் தடுப்பு வீரர் ராபர்ட் ஹூத்தைக் கடனாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தீர்கள். அவரை வைத்துப் பின்னால் மூன்று பேர் நிற்கும் முறைக்கு பியர்சன் மாறினார். வெஸ்ட் ஹாமை 86ஆவது நிமிடத்தில் ஆண்டி கிங், வெஸ்ட் பிராமை 91ஆவது நிமிடத்தில் வார்டி கோல் போட்டுச் சாய்த்தார்கள். கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றி, ஒரு டிரா, 22 புள்ளி.

இந்த அணியும் அப்படிச் செய்துவிடும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் தயாரில்லை. அன்று பல ஆட்டங்களை ஒரு கோலில்தான் தோற்றுக்கொண்டிருந்தோம், இன்று அப்படி இல்லை. கீழே போவதற்கான வாய்ப்புதான் அதிகம். அதனால்தான் அவசரத்தில் ஒருவரைக் கொண்டுவந்து, இன்னொரு நீண்ட ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பில் அவருக்கும் நஷ்ட ஈடு கொடுத்து அனுப்பும் நிலை வரக்கூடாது என்கிறேன்.

சிட்டி ஆட்டத்துக்கு முன் நான்கு வரியில் ஒரு அறிக்கை விடுங்கள். மே 25 வரை வான் நிஸ்டல்ரோய்தான் மேனேஜர். அதற்குப் பிறகு அவர் இருப்பாரா என்பது ஜூன் முதல் வாரத்துக்குள் தெரியும். அடுத்த மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் யார். வீரர் தேர்வுக்கு இனி பதில் சொல்லப் போவது யார். கடைசி இரண்டுக்கும் பெயரோடு பதில் வேண்டும். அந்தப் பெயர் மறுபடியும் ரட்கின்தான் என்றால், ஏன் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
லெஸ்டர் சிட்டி ரசிகன் ஒருவன்