டென்னிஸ் மட்டையைக் கீழே வைத்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

டென்னிஸ் வீரர் ஓய்வு பெற்றால், வென்ற கோப்பைகளைப் பட்டியல் போட்டு நம் பத்திரிகைகள் முடித்துவிடுகின்றன. அப்புறம் அவர் என்ன ஆனார் என்று யாரும் எழுதுவதில்லை. டென்னிஸ் வீரராக இருந்து பாடகரான பிரான்ஸ் நாட்டு யானிக் நோவாவைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்களேன்.

1983 பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஸ்வீடன் வீரர் மாட்ஸ் விலாண்டரை ஒரு செட்டும் இழக்காமல் வென்றவர் அவர். கடைசிப் புள்ளி விழுந்ததும், கால்பந்து வீரராக இருந்த அவருடைய அப்பா களத்துக்குள் இறங்கி வந்து மகனைக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். அதன்பிறகு அங்கே எந்தப் பிரெஞ்சு வீரரும் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றதில்லை.

1991-இல், நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையில் பிரான்ஸ் அணிக்கு அவர் கேப்டன். லியோன் நகரில் அமெரிக்காவை வீழ்த்தி, 59 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை பிரான்சுக்கு வந்தது. அதே ஆண்டு அவர் பாடி வெளியான ‘சாகா ஆப்பிரிக்கா’ பாட்டுக்குக் களத்திலேயே அணி முழுவதும் ஆடியது. எனக்குத் தெரிந்து, ஒரே மனிதரின் இரண்டு தொழில்களும் ஒரே இடத்தில் சந்தித்த நேரம் அது.

விளையாட்டில் சம்பாதித்த பெயரை வைத்துத்தான் பாட்டு விற்றது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். பெயர் முதல் பாட்டுக்கு ஆள் சேர்க்கும், சரி. 2010-இல் பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் அவர் கச்சேரி செய்தபோது, ‘சாகா ஆப்பிரிக்கா’ வெளியாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்க விளையாட்டுப் பெயர் மட்டும் போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்