கட்டிலருகே பாடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

நோயாளிகளைப் பார்க்கப் போகும் சபைப் பாடகர் குழுக்கள் பல, ஆலயத்தில் பாடுவது போலவே கட்டிலருகிலும் பாடிவிடுகின்றன. 4 பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு பாட்டு, பாட்டுக்கு இரண்டு சரணம், 10 நிமிடம் போதும். தாளக்கருவி வேண்டவே வேண்டாம். சுருதியைத்தான் கவனிக்க வேண்டும். படுத்திருப்பவருக்கு மூச்சு குறைவு. வழக்கமான சுருதியிலிருந்து ஒன்றிரண்டு கட்டை (சுருதியின் படி) இறக்கி எடுத்தால் அவரும் சேர்ந்து முணுமுணுப்பார். புதுப்பாட்டைத் தவிர்த்து, அவர் சிறுவயதில் கற்றதைப் பாடுங்கள். நினைவு மங்கிய முதியவர்கள்கூடப் பழைய பாட்டின் வரிகளை எடுத்துப் பாடுவதுண்டு.

பாடி, ஜெபித்து, உடனே கிளம்பிவிடுவது சரியல்ல. வேதாகமத்தில், அடிபட்டுச் சிறையில் கிடந்த ஊழியர்களான பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடிய அதே இரவில்தான் சிறைக்காவலன் அவர்கள் காயங்களைக் கழுவினான் (அப்போஸ்தலர் 16:25-33). பாட்டும் பணியும் அங்கே பிரியவில்லை. “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கி வரட்டுமா? இரவு துணைக்கு ஒருவர் தங்கட்டுமா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒப்புக்கொண்டவர் பெயரையும் நாளையும் அங்கேயே நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பண உதவியை உறையிலிட்டு, வீட்டாரிடம் தனியாகக் கொடுங்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
சபைப் பாடகர் குழுவினர்